அம்மாவின் தையல் இயந்திரம் ஏன் இன்னும் ஓடுகிறது?

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நெருக்கடி. செம்பவாங்கில் எங்கள் புளோக்கில் இருக்கும் பலருக்கு அம்மா ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அன்று பதினொரு ரவிக்கைகள் வெட்டித் தயாராக இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மின்சாரத் தையல் இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது. பிறகு மோட்டார் மட்டும் சுற்றியது. ஊசி அசையவே இல்லை.

பழுதுபார்க்கும் நிலையத்துக்கு எடுத்துச் சென்றேன். "உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருக்கும். அந்த உதிரிப்பாகம் இப்போது வருவதில்லை. புதிது வாங்குவதுதான் உங்களுக்கு மலிவு," என்றார்கள்.

வீடு திரும்பியதும் அம்மா அறையின் மூலையைக் காட்டினார். "தம்பி, அதைக் கொஞ்சம் திறந்து பாரேன்!" என்றார். அங்கே இருந்தது, காலால் மிதித்து ஓட்டும் பழைய சிங்கர் இயந்திரம். எட்டு ஆண்டுகளாக அதன்மேல் பூச்சாடிதான் இருந்தது. கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

அதன் தலைப்பகுதியை மட்டும் கழற்றி, தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு துளையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது உடையலே தம்பி, அழுக்கு. சமையல் எண்ணெய் விட்டீங்களா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன் விட்டது நான்தான். அறிவியல் ஆசிரியரான நான்!

மண்ணெண்ணெயால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் விட்டு, புதிய ஊசியும் மிதிக்குப் புதிய பெல்ட்டும் போட்டார். இயந்திரம் ஓடியது. பதினொரு ரவிக்கைகளும் தீபாவளிக்கு முன்பே உரியவர்களிடம் சேர்ந்தன.

பள்ளி தொடங்கியதும் இதை வகுப்பில் சொன்னேன். "அப்படியென்றால் பழைய பொருள்தான் நல்ல பொருளா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தையலுக்குள் நடப்பவை

தையல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு தையல் விழும். அந்த ஒரு சுற்றுக்குள் பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன.

முதலில் ஊசி துணியைத் துளைத்து மேல்நூலைக் கீழே கொண்டுபோகிறது. ஊசி மீண்டும் மேலே வரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் உயரும்போது, துணிக்கு அடியில் நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அந்த நொடியில் ஒரு கொக்கி வந்து வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் இருக்கும் பாபினைச் சுற்றி இழுத்துச் செல்கிறது. இரண்டு நூல்களும் பின்னிக்கொள்கின்றன. மேலே இருக்கும் நெம்புகோல் நூலை இழுத்து இறுக்குகிறது. அடியில் இருக்கும் சிறிய பற்கள் துணியை அடுத்த தையலுக்கு நகர்த்துகின்றன.

கொக்கியின் முனைக்கும் ஊசிக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். நீங்கள் எழுதும் தாளின் தடிமனும் அவ்வளவே. கொக்கி சற்று முன்னாலோ பின்னாலோ வந்தால் வளையம் தப்பிவிடும், தையல் விட்டுப்போகும். ஆகவே, இயந்திரம் உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. அதன் பாகங்கள் அவற்றின் இடத்திலும் நேரத்திலும் துல்லியமாக இருக்க வேண்டும்.

360 மில்லியன் முறை

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 500 தையல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஊசி உண்மையாக ஓடும் நேரம் இரண்டு மணி என்றால், ஒரு நாளைக்கு 60,000 தையல்கள். ஆண்டுக்கு 300 நாள் தைத்தால் 18 மில்லியன். இருபது ஆண்டுகளில் 360 மில்லியன்! அத்தனை முறையும் அதே தண்டு மேலும் கீழும் போகிறது. அதே பல்சக்கரத்தின் அதே பற்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

ஒரு காகிதக் கவ்வியை நேராக்கி, முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். ஒரே முறை வளைத்தால் உடையாது. பத்து, இருபது முறை வளைத்தால் உடைந்துவிடும். ஒருமுறை தாங்கும் விசையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகம் முறிந்துபோவதை 'உலோகச் சோர்வு' என்கிறோம். முதலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தோன்றும். ஒவ்வொரு சுழற்சியிலும் அது சற்று வளரும். இறுதியில், மிஞ்சிய பகுதியால் சுமையைத் தாங்க முடியாமல் திடீரென முறியும்.

இதை மனிதர்கள் கற்றுக்கொண்டது ரயில் அச்சுகளிலிருந்து. 1842ஆம் ஆண்டு பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் அச்சு முறிந்து நேர்ந்த விபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகு, ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1850களிலும் 1860களிலும் ரயில் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்தார். எஃகைப் பற்றி அவருடைய சோதனைகள் காட்டிய உண்மை ஒன்று முக்கியமானது. சுமை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால், எஃகு எத்தனை மில்லியன் சுழற்சிகளையும் தாங்கும். அலுமினியத்துக்கும் பெரும்பாலான பிளாஸ்டிக்குகளுக்கும் அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுமை குறைவாக இருந்தாலும், சுழற்சிகள் கூடக்கூட அவை பலவீனமாகிக்கொண்டே போகும்.

அம்மாவின் பழைய இயந்திரத்தின் தண்டுகள் எஃகால் ஆனவை. தேவைக்கு மேல் தடிமனானவை. ஒரே விசை பெரிய பரப்பில் பரவும்போது தகைவு குறைகிறது. அது எஃகின் எல்லைக்கு மிகக் கீழே இருந்துவிடுகிறது. உடம்பு வார்ப்பிரும்பு. அதற்குள் இருக்கும் கிராஃபைட் துணுக்குகள் அதிர்வை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான் அந்த இயந்திரம் அதிராமல் ஓடுகிறது. அதனால்தான் அதைத் தேக்காவுக்குத் தூக்கிச் சென்றதில் எனக்கு இரண்டு நாள் தோள்வலி!

எண்ணெய் செய்யும் வேலை

உடையாத உலோகமும் தேயும். எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகப் பரப்பு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டு பரப்புகள் உரசும்போது மேடுகள் மோதிப் பிய்ந்துவருகின்றன. பிய்ந்த துகள்கள் மேலும் உராய்வை உண்டாக்குகின்றன. எண்ணெய் இரண்டு பரப்புகளுக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிரித்துவைக்கிறது.

அப்படியானால் சமையல் எண்ணெய் ஏன் ஆகாது? தாவர எண்ணெய்களில் பலவற்றின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களில் வினைபுரிந்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. எண்ணெய் பிசினாகிறது. பழைய வாணலியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புப் பிசுக்கு இதுதான். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. ஆனால் அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் இயந்திரம் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். தையல் இயந்திரத்துக்கென விற்கும் எண்ணெய், கனிம எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது. அது எளிதில் ஆக்சிஜனோடு வினைபுரியாது. பாகுநிலை குறைவு என்பதால் சிறு இடுக்குகளுக்குள்ளும் ஓடிச் செல்லும்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. நீரும் ஆக்சிஜனும் எஃகைத் தொடாமல் தடுத்து, துருவைத் தள்ளிப்போடுகிறது.

தியாகம் செய்யும் பாகம்

மின்சார இயந்திரத்தில் உடைந்த பல்சக்கரம் நைலானால் ஆனது. "மலிவாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்," என்று முதலில் நானும் கோபப்பட்டேன். ஆனால், யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை அல்ல.

தடித்த ஜீன்ஸ் மடிப்பில் ஊசி சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தொடர்ந்து தள்ளும். ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எல்லாப் பாகங்களும் எஃகாக இருந்தால் மோட்டார் எரியலாம், தண்டு வளையலாம். மென்மையான பல்சக்கரம் ஒன்று இருந்தால் அது முதலில் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். வீட்டு மின்சுற்றில் உருகி செய்யும் வேலையும் இதுதான். மிதி இயந்திரத்தில் இந்த வேலையைத் தோல் பெல்ட் செய்கிறது. ஊசி சிக்கினால் பெல்ட் வழுக்கிவிடும், ஒன்றும் உடையாது.

இதே தத்துவத்தைச் செம்பவாங் கடற்கரையில் மிகப் பெரிய அளவில் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறக்கப்பட்டது. 1968இல் அந்தத் தளத்தின் கப்பல்துறை செம்பவாங் கப்பல் பட்டறையானது. தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் வேலை செய்த இடம் அது. பழுதுபார்ப்புக்கு வரும் கப்பலின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கலவைக் கட்டிகளோ பொருத்துவார்கள். இந்த உலோகங்கள் இரும்பைவிட அதிக வினைத்திறன் கொண்டவை. ஆகவே, கடல்நீரில் முதலில் அவை அரிக்கப்படும்; எஃகு தப்பிக்கும். கரைந்துபோன கட்டிகளைக் கப்பல் அடுத்த முறை உலர்துறைக்கு வரும்போது மாற்றிவிடுவார்கள்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மாற்றிவிடுவார்கள்! தியாகம் செய்யும் பாகத்துக்குப் பொருள் இருப்பதே, அதற்கு மாற்று கிடைக்கும்போதுதான். உருகி எரிந்தால் புதிய உருகி கிடைக்க வேண்டும். பல்சக்கரம் உடைந்தால் புதிய பல்சக்கரம் கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், சில காசு பெறுமான பாகம் ஒன்றுக்காக முழு இயந்திரமும் குப்பைக்குப் போகும். மென்மையான பல்சக்கரத்தைப் போட்டதில் தவறில்லை. மாற்றுப் பல்சக்கரம் இல்லாததுதான் தவறு.

உதிரிப்பாகம் பொருந்த வேண்டுமே!

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். அந்தக் காலத்தில் பாகங்களை வார்த்த பிறகு, தொழிலாளி ஒருவர் அரத்தால் ராவி ஒன்றோடொன்று பொருத்துவார். ஒரு இயந்திரத்துக்காக ராவிய பாகம் இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. அதனால் ஒரே இயந்திரத்தின் பல பாகங்களில் ஒரே எண்ணைப் பொறித்துவைத்தார்கள்.

எந்தப் பாகமும் எந்த இயந்திரத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற முறை, அமெரிக்காவின் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வளர்ந்தது. போர்க்களத்தில் துப்பாக்கியின் ஒரு பாகம் உடைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட முடிய வேண்டும் அல்லவா? அளவுமானிகளை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்கும் அந்த வழக்கத்தைச் சில தையல் இயந்திர நிறுவனங்கள் 1850களிலேயே எடுத்துக்கொண்டன. சிங்கர் நிறுவனம் 1880களில்தான் முழுமையாக அதற்கு மாறியது. அப்போது அது ஆண்டுக்கு ஐந்து லட்சம் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தது. அவ்வளவையும் அரத்தால் ராவிக் கட்டுப்படியாகுமா?

சிங்கரின் இன்னொரு புதுமை விற்பனையில் இருந்தது. அன்று தையல் இயந்திரம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க், 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். முகவர்கள் வீடு தேடி வந்து தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பழுதும் பார்த்தார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இயந்திரம் நின்றுபோனால் வாடிக்கையாளர் தவணை கட்டுவாரா? இயந்திரம் ஓடுவதில் வாங்கியவருக்கு இருந்த அக்கறை விற்றவருக்கும் இருந்தது.

அம்மாவின் இயந்திரத்தின் வரிசை எண்ணைக் கொண்டு தேடிப் பார்த்தேன். அது 1950களில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்யப்பட்டது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னும் சிங்கர் என்றே பெயர். செய்த ஆலையே இல்லாத இயந்திரத்துக்குத் தேக்காவில் எப்படி ஊசியும் பாபினும் கிடைக்கின்றன? சிங்கரின் '15ஆம் வகை' வடிவமைப்பைப் பின்னாளில் ஜப்பான் உட்படப் பல நாடுகளின் நிறுவனங்கள் பின்பற்றின. அதன் ஊசியும் பாபினும் பொது அளவுகளாகிவிட்டன. இன்று கடையில் வாங்கும் சாதாரண வீட்டு ஊசியே அதற்குப் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முடிந்த பிறகும், பொது அளவு தன் சேவையைத் தொடர்கிறது.

இயந்திரங்கள் மனிதனை அடிமையாக்கக்கூடாது என்று வாதிட்ட காந்தி, 1924இல் ஒரு மாணவருடன் பேசியபோது சிங்கர் தையல் இயந்திரத்தை ஒரு விதிவிலக்காகச் சொன்னார். மனைவியின் சிரமத்தைக் குறைக்கும் அன்பில் பிறந்த கருவி என்று அதை அவர் பாராட்டினார்.

பழையதெல்லாம் உறுதியானதா?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். 'பழையதுதான் நல்லது' என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். 1950களில் செய்த இயந்திரங்களில் நாம் இன்று பார்ப்பவை எல்லாம் தப்பிப் பிழைத்தவை. துருப்பிடித்தவை, உடைந்தவை, தூக்கி எறியப்பட்டவை நம் கண்ணில் படுவதில்லை. எஞ்சியவற்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் மதிப்பிடுவது அறிவியலுக்கு ஒத்துவராது.

அம்மாவின் பழைய இயந்திரம் நேர்த் தையல் மட்டுமே போடும். நீளும் துணிக்கு வேண்டிய வளைவுத் தையல் அதில் வராது. பொத்தான் துளையும் தைக்க முடியாது. புதிய இயந்திரம் இவற்றைச் செய்யும், எடையும் விலையும் குறைவு. விற்பவர்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. உதிரிப்பாகங்களைப் பல ஆண்டுகள் சேர்த்துவைக்க இடமும் பணமும் வேண்டும். ஒரு மணி நேரப் பழுதுபார்ப்புக் கூலி, மலிவான இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடலாம்.

ஆனால், தூக்கி எறிவதற்கும் விலை உண்டு. அது கடை ரசீதில் தெரிவதில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம்.

எனவே, மாணவிக்கு நான் சொன்ன பதில் இது: நீடித்து உழைக்கும் பொருள் என்றால் தேயாத பொருள் அல்ல. தேயும் பாகத்தை மாற்ற முடிகிற பொருள். பழையதா புதியதா என்பதைவிட, திறக்க முடியுமா, பாகம் கிடைக்குமா, சொல்லித்தர ஆள் உண்டா என்பவைதான் சரியான கேள்விகள்.

பிரான்ஸ் இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண்ணே போடத் தொடங்கியது. 2021 ஜனவரி முதல் அங்கே கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் போன்றவற்றில் 'பழுதுபார்ப்பு மதிப்பெண்' பத்துக்கு எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. சிங்கப்பூரில் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற முயற்சியில், தொண்டூழியர்கள் பழுதுபார்க்கும் கலையை மக்களுக்குக் கற்றுத்தருகிறார்கள்.

அந்த மின்சார இயந்திரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுசென்று மாணவர்களோடு திறந்தேன். திருகாணிகள் குறைவு, உறையின் பெரும்பகுதி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் வகை. திறக்கும்போதே இரண்டு கொக்கிகள் முறிந்துபோயின. உள்ளே ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பல்சக்கரம். அதில் இரண்டு பற்கள் இல்லை. மாணவர்கள் பற்களை எண்ணி, விட்டத்தை அளந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒன்றைச் செய்தார்கள். பயன்படுத்தியது பிஎல்ஏ பிளாஸ்டிக். இருபது நிமிடம் ஓடியது. பிறகு பற்கள் மழுங்கிவிட்டன. பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உராய்வின் வெப்பத்தை அது தாங்கவில்லை. அடுத்ததை நைலானில் செய்யப் போகிறோம்.

அதுவரை அம்மா காலால் மிதித்துத்தான் தைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் விடுவது என் வேலை. சரியான எண்ணெய்!

செய்து பாருங்கள்

1. ஒரே வகைக் காகிதக் கவ்விகள் பத்தை நேராக்குங்கள். ஐந்தை 90 டிகிரியும், ஐந்தை 45 டிகிரியும் முன்னும் பின்னும் வளையுங்கள். எத்தனையாவது முறை உடைகிறது என்று குறித்து, இரண்டின் சராசரியையும் ஒப்பிடுங்கள். உடையும் முனை கூர்மையாக இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

2. வீட்டில் உள்ள ஒரு மின்விசிறி, ஒரு அரைக்கும் இயந்திரம், ஒரு கைப்பேசி ஆகியவற்றுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண்: கையேடு கிடைக்கிறதா? சாதாரணத் திருப்புளியால் திறக்க முடியுமா? உதிரிப்பாகம் கிடைக்குமா? பாகத்தின் விலை நியாயமா? பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கிறாரா? மின்சாதனத்தை நீங்களாகத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தும் பெரியவர்களைக் கேட்டும் பதில் கண்டுபிடியுங்கள்.